தொட்டி மூக்கின் அடியில் ஒரு ஸ்க்ரூ

பாத்டப் குழாயின் தலையிலிருக்கும் குமிழைத் தூக்கிவிட்டால், கீழே கொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று நின்று, சுவருக்குள் உறுமிக்கொண்டே மேலேறி, ஷவரில் வந்து சிதறும். அந்த உறுமலை எங்கே கேட்டாலும் எனக்கு இன்றும் காது மடல் சுடுகிறது. தண்ணீர் கொட்டும் ஸ்பவுட்டை அப்பா "தொட்டி மூக்கு" என்பார். அதன்மேல் நிற்கும் டைவர்ட்டர் குமிழ் அவருக்குக் "கொண்டை". நாங்கள் வீட்டில் நீல டிரம்மில் மொண்டு குளிக்கிறவர்கள். இந்த இரண்டு சொற்களும் எங்கள் சாப்பாட்டுத் தட்டைச் சுற்றித் தினமும் புழங்கின.

மிஷின் பூட்ட வரும் வெளிநாட்டு இன்ஜினியர்கள் தங்குவதற்கென்று ஒரகடத்தில் இருந்த ஒரு கெஸ்ட் ஹவுஸில் அப்பா காண்ட்ராக்ட் பிளம்பர். அந்தப் பக்கத்து போர்வெல் தண்ணீரின் உப்பு எந்தக் கொண்டையையும் ஆறு மாதத்தில் இறுக்கிவிடும். வாஷர் தேய்ந்ததென்றால் தண்ணீர் பாதி மேலே, பாதி கீழே போகும். அப்பா மூக்கைக் கழற்றி வினிகரில் ஊறப்போட்டு, வாஷர் மாற்றிப் பார்ப்பார். பித்தளையையே உப்பு தின்றிருந்தால்தான் புதிது கேட்பார். மூக்கில் இரண்டு ஜாதி. ஒன்று மரை உள்ளது, சுற்றினால் கழன்று வரும். இன்னொன்று பைப்பின் மேல் சொருகி, அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொடி ஸ்க்ரூவால் இறுக்கியது. எந்த ஜாதி என்று அறிய அப்பா தொட்டிக்குள் மல்லாந்து படுத்து, மூக்கின் அடியில் விரலை விட்டுத் தடவுவார். அவருக்குக் கையெழுத்துக்கூட வராது. அந்த விரல் பொய் சொன்னதில்லை.

நான் ஏழாவது படித்த வருஷம், அரைப்பரீட்சை லீவில், மேனேஜர் பன்னிரண்டு அறைகளிலும் மூக்கு மாற்றச் சொன்னார். மறுநாள் ஒரு பெரிய குழு வந்து இறங்குகிறது. வேலை சுத்தமாக முடிந்தால் அப்பாவை பர்மனென்ட் ஆக்கி, கழுத்தில் போட டேக் தருவதாகப் பேச்சு. அப்பா அதற்காக முடி வெட்டிக்கொண்டு போட்டோகூட எடுத்துக் கொடுத்துவிட்டார். பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டும் முறை, புது மூக்குகளோடு வந்த தாளில் எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் எங்கள் வம்சத்தில் நான்தான் என்பதால், அப்பா என்னை வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப்போனார். "எம் புள்ள சார், இங்கிலீஷ் மீடியம். அவனே படிச்சி சொல்லுவான்" என்று மேனேஜரிடம் சொன்னபோது அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மாடியில் முதல் அறை. மேனேஜரும், அறை கூட்டும் இரண்டு அக்காக்களும் கதவோரம் நின்றார்கள். தாளில் எழுத்து எறும்பு எறும்பாக இருந்தது. இரண்டு படங்கள், ஒன்றில் சுற்று அம்பு. எனக்கு அதற்குமேல் ஒன்றும் விளங்கவில்லை. "சுத்துனா வந்துடும்னு போட்டிருக்குப்பா" என்றேன்.

அப்பா படுத்து விரலை விட்டார். "அடியில இன்னாவோ தட்டுப்படுதேடா. ஸ்க்ரூ மாரி கீது. பாரு, அதப்பத்தி எதுனா போட்டுகீதா?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதெல்லாம் ஒண்ணும் போடலப்பா. உப்பா இருக்கும்" என்றேன்.

அப்பா விரலை எடுத்துவிட்டார்.

பைப் ரெஞ்சைக் கவ்வவிட்டு அவர் அழுத்தியதும் மூக்கு 'மளுக்'கென்று அரைச் சுற்று சுற்றியது. மரை இளகிவிட்டதென்று எண்ணி, உப்பைக் கழுவக் குழாயைத் திறந்தார். மூக்கில் ஒரு சொட்டும் வரவில்லை. சுவருக்குள் உறுமல் கேட்டது; இந்த முறை அது கீழ்நோக்கிப் போனது. பைப் உள்ளே முறிந்திருந்தது; அது புரிந்து அப்பா மூடினார். அதற்குள் கீழ் அறையில் ஊறிய சீலிங் பலகை ஒன்று, புது விரிப்பு போட்ட கட்டிலின்மேல் விழுந்திருந்தது.

கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்த மேனேஜர், "யாருய்யா சுத்தச் சொன்னது?" என்றார்.

அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். "நான்தான் சார். அவசரப்பட்டுட்டேன்."

மேனேஜர் தாளை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்து, ஒரு வரியில் நகத்தை வைத்து, என்னிடமே நீட்டினார். "தம்பி, இத சத்தமா படி. உங்கப்பன் கேக்கட்டும்."

படித்தேன். முதலில் அடியிலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தவும் என்று இருந்தது. அவர் விரல் காட்டிய இடத்தில் எல்லாச் சொல்லும் எனக்குத் தெரிந்த சொற்களாகவே இருந்தன. பள்ளி பிரேயரில் வாசிப்பதுபோல், நிறுத்தி, திருத்தமாகப் படித்தேன், தமிழிலும் சொன்னேன்.

"பாத்தியா ஏழுமலை? மீசை மொளைக்காத பையனுக்குத் தெரியுது, உனக்குத் தெரியல. பக்கத்துலயே டிக்‌ஷனரிய நிக்க வெச்சிக்கினு சொவத்த ஒடைச்சிருக்க."

அக்காக்கள் சிரித்தார்கள். சுவர் ஓட்டையில் கசிந்து தேங்கிய தண்ணீரில், ஈர முழங்காலோடு அப்பா தொட்டிக்குள் நின்றிருந்தார். நானும் சிரித்தேன். மேனேஜர் என் முதுகில் தட்டி, விருந்தாளிகளுக்காக வைத்திருந்த சாக்லேட்டில் ஒன்றைத் தந்தார். அங்கேயே பிரித்துத் தின்றேன். பிறகு மேனேஜர் அப்பாவின் போட்டோக்களைத் தொட்டி விளிம்பில் வைத்து, "வேற எங்கனா உதவும், எடுத்துக்கோ" என்றார். வழவழத்த விளிம்பிலிருந்து இரண்டு வழுக்கித் தண்ணீரில் விழுந்தன.

வீட்டில் அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "படிச்ச புள்ள கூடவே நிக்கறான். ஒரு வார்த்த அவன கேட்டா இன்னா, கிரீடம் எறங்கிடுமா?" அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.  சுற்றச் சொன்னது நான்தான் என்று அம்மாவிடம் இதை எழுதும் இன்றுவரை சொல்லவில்லை.

அந்த கெஸ்ட் ஹவுஸில் இப்போது தொட்டிகளே கிடையாது. கண்ணாடி அடைப்புக்குள் நின்று குளிக்கும் ஷவர்தான்; மூக்கும் கொண்டையும் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போய்விட்டன. என் கழுத்தில் ஒரு கம்பெனியின் டேக் தொங்குகிறது. மாதமொரு முறை அப்பாவைப் பென்னலூர் மெடிக்கலுக்கு சுகர் மாத்திரை வாங்கக் கூட்டிப்போகிறேன். மாத்திரை அட்டையை வாங்க நான் கை நீட்டுவதற்குள் அவர் அதை உள்ளங்கைக்குள் மூடிக்கொள்கிறார். கவுண்டரில் சாய்ந்து, கடைப் பையனிடம், "தம்பி, இதுல இன்னா போட்டுகீது, கொஞ்சம் படிச்சி சொல்லேன்" என்கிறார்.

அவன் படிக்கிறான். அப்பா கேட்டுக்கொண்டே, அட்டையின் அடிப்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்கிறார்.