கேற்றைத் தாண்டினால் அம்மா

உருத்திரபுரத்தில் மனைப்பொருளியல் படிப்பிக்கும் விமலேஸ்வரி ரீச்சருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான் மிச்சம். நிரோஜா கடைசிவரை தன்னை அம்மா என்று கூப்பிடவேண்டும்.

நிரோஜா படிப்பதும் அவருடைய வகுப்பில்தான். பள்ளிக்குள் மற்றப் பிள்ளைகளைப் போல "ரீச்சர்" என்பாள். கேற்றைத் தாண்டிச் சைக்கிளில் பின்னால் ஏறியதும், "அம்மா, பசிக்குது" என்பாள். அந்தச் சொல்லுக்காகவே விமலேஸ்வரி பகல் முழுவதும் காத்திருப்பார்.

கடைசி யுத்தத்தில் கணவன் பாலனைப் பறிகொடுத்துவிட்டு அவர் பங்கர்க் குழிக்குள் தனியாகக் கிடந்தார். முகம் தெரியாத ஒரு பெண், தண்ணீர் எடுத்துவரப் போகையில் தன் கைக்குழந்தையை அவர் மடியில் வைத்தாள். "கொஞ்சம் பிடிச்சிருங்கோ, அக்கா." திரும்பி வரவேயில்லை.

ஊருக்கு இது தெரியும். ஆனால் யுத்தம் முடிந்த அந்த வருடத்துப் பிள்ளைகளிடம், நீ ஆரைப் போல என்று இங்கே எவரும் கேட்பதில்லை. யாரும் கூடிப் பேசி வைத்த கட்டுப்பாடல்ல அது.

அதை விமலேஸ்வரியே மீறினார். அன்று பிள்ளை வளர்ச்சிப் பாடம். பிள்ளையை ஆக்குவது பரம்பரையா, சூழலா? சூழல்தான் என்றார். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்ந்தால் காய்ந்த வயலும் பச்சையாகாதா?

சாருஜன் எழும்பினான். "எவ்வளவு தண்ணி பாய்ச்சினாலும் சம்பா விதைச்ச வயலில ஆட்டக்காரி நெல் விளையாது, ரீச்சர்."

வயல்காரப் பிள்ளைகளின் வகுப்பு; விழுந்து விழுந்து சிரித்தது. தோற்கக் கூடாது என்ற வேகத்தில் அவர் சொல்லிவிட்டார்: வீட்டில் கண்ணாடியைப் பாருங்கள், முகம் பெற்றவர்களுடையதாக இருக்கும், நடையும் பேச்சும் வளர்த்தவர்களுடையதாக இருக்கும்.

மாலையில் நிரோஜா பாலனின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, கண்ணாடியில் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். பிறகு குசினிக்குள் வந்து விமலேஸ்வரியின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"என்ர முகம் ஆரின்ர?"

அப்பம்மாவுடையது என்ற பொய் எத்தனையோ வருடமாகத் தயாராக இருந்தது. காலையில் பாடம் சொன்ன வாயில் அது வரவில்லை. அடுப்படியிலேயே இருந்து, அழுதழுது எல்லாவற்றையும் சொன்னார். நிரோஜா அழவில்லை. தண்ணீர் எடுக்கப் போனவ செத்துவிட்டாவா என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றார் விமலேஸ்வரி. அதுதான் உண்மை.

இப்போது பரந்தனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, நிரோஜா இறங்குகிற பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். நிற்பது மட்டும் இன்னமும் விமலேஸ்வரியைப் போலத்தான், வலது தோளைச் சற்றே சரித்துக்கொண்டு.

நேற்றும் இருவரும் கேற்றைத் தாண்டினார்கள். சைக்கிளை மிதித்தபடியே, திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல் விமலேஸ்வரி கேட்டார்.

"பசிக்குதோ, பிள்ளை?"

"இல்லை, ரீச்சர்."