தெற்குப் பக்கத்துப் பல்லி

சித்தப்பா யாழ்ப்பாணம் போய் வந்த பெட்டியைத் திறந்தபோது, அவித்துக் காயவைத்த பனங்கிழங்குப் புழுக்கொடியல் பைக்குள்ளிருந்து ஒரு பல்லி ஓடி வந்து, குளிர்நாட்டு நகரமான கெல்சென்கிர்ச்சனில் எங்கள் வரவேற்பறைச் சுவரில் ஏறியது. எனக்குப் பத்து வயது. உயிருள்ள பல்லியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அம்மா நெடுநாள் காணாத உறவுக்காரரைக் கண்டதுபோல் மலர்ந்துபோனார். அப்பா அவசரமாக யன்னலைச் சாத்தினார். விசா இல்லாமல் வந்த பிராணி, அயலவர்கள் கண்டால் அரசாங்கக் கந்தோரிலிருந்து கடிதம் வரும் என்பது அவர் கவலை.

“நீங்களும் அப்பிடித்தானே வந்தனீங்கள்,” என்றார் அம்மா. பல்லி தங்கிவிட்டது.

அதன்பின் வீட்டில் யார் என்ன சொன்னாலும், அந்த நேரம் பல்லி சத்தமிட்டால் அது நடந்தே தீரும். அம்மா உடனே விரலால் மேசையைத் தட்டுவார். அப்பா சிரிப்பார்.

எனக்கோ வேறு கவலை. கோடை விடுமுறைக்கு முன் எங்கள் வகுப்பு ஐந்து நாள் வடகடல் தீவொன்றுக்குப் போக இருந்தது. அப்பா படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். பெண்பிள்ளை வேறிடத்தில் தங்குவதா என்பது ஒரு காரணம், தீவைச் சுற்றிக் கடல் இருக்கிறது என்பது இன்னொன்று. அழுதேன். பட்டினி கிடந்தேன், அதுவும் பிட்டு அவித்த நாளில். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் குளியலறைக்குள் நின்று, நாக்கை அண்ணத்தில் தட்டிப் பல்லிபோல் சத்தமிடப் பழகினேன்.

ஒரு பின்னேரம் அப்பாவும் அம்மாவும் தேத்தண்ணி குடிக்க, நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். “போயிட்டு வரட்டுமேப்பா,” என்று அம்மா சொன்ன உடனே சத்தமிட வேண்டும். பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. சத்தம் வந்தபோது, “அவள் போகத் தேவையில்லை,” என்று அப்பா சொல்லி முடித்திருந்தார்.

“பாத்தீரே, பல்லியும் சொல்லுது,” என்றார். வாழ்நாளில் அன்றைக்குத்தான் அவர் பல்லியை நம்பினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அம்மா ஆற அமர எழுந்து, குசினிச் சுவரில் தொங்கிய கலண்டரைப் போய்ப் பார்த்தார். சத்தம் தெற்குப் பக்கமாக வந்தது, அப்படிச் சொன்னால் தடுக்கிறவருக்குத்தான் ஆகாது என்று அதில் போட்டிருப்பதாக அறிவித்தார். தானும் பார்க்கவென்று அப்பா கண்ணாடியைத் தேடினார். அன்று முழுவதும் அது கிடைக்கவில்லை. கண்ணாடி இல்லாமலே கையெழுத்துப் போட்டார்.

தீவில் எல்லாரும் அலையில் குதிக்க, நான் மணலிலேயே குந்தியிருந்தேன். பெற்ற தாயை ஏமாற்றிய பாவத்துக்குக் கோயிலில் இருக்கும் அம்மாளாச்சி கடலுக்குள் வைத்துத்தான் தண்டிப்பாள் என்று பயம். திரும்பி வந்தபின் பல்லியை எங்கும் காணவில்லை. என்மேல் கோபித்துக்கொண்டு போய்விட்டது என்று நினைத்தேன்.

பல வருடங்கள் கழித்து, இந்த வருடம் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர் பார்த்துவிட்டு வரும்போது, காரில் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அம்மா அலட்டிக்கொள்ளவில்லை.

“பல்லி நீ சத்தம் போட்டதுக்கு மூண்டு நாளைக்கு முன்னமே செத்துப்போச்சு. ஹீட்டருக்குப் பின்னால கிடந்தது, நான்தான் கூட்டி அள்ளினனான்,” என்றார். “கொப்பாக்கு நான் சொன்னால் ஏறாது.”

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. அந்தப் பாவத்தில் பாதிக்கு மேல் அம்மாவுடையது என்று அன்றே தெரிந்திருந்தால், நானும் ஒருக்காலாவது கடலில் இறங்கியிருப்பேன்.