வாயால் போட்டுக் காட்டு

சக்கரக்காவின் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. வண்டியில் என்ன சத்தம் வருகிறதோ, அதை வண்டிக்காரரே வாயால் போட்டுக் காட்ட வேண்டும். அதுவரைக்கும் அவள் ஸ்பேனரைத் தொடமாட்டாள். கோட்டு போட்ட மேனேஜர்கள் அவள் வாசலில் நின்று "கீச் கீச்" என்று கத்தியிருக்கிறார்கள். பெரிய மீசைக்காரர் ஒருவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு "ஊ..." என்று ஊளையிட்டார். வேடிக்கை பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு. அவளுக்கு அதுதான் நாடி பிடிப்பது. வேகம் கூடக்கூட "ஊ" பெரிதானால் பேரிங். திருப்பும்போது மட்டும் "டக் டக்" என்றால் ஆக்ஸில். பிரேக்கை மிதித்தால் "கீச்" என்றால் பிரேக் பேட் தேய்ந்துவிட்டது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பாள். முன் சக்கரத்துச் சத்தம் என்று வந்த எந்த வண்டியையும், காரணம் தெரியாமல் அவள் வெளியே அனுப்பியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், உழைத்துச் சம்பாதித்த திமிர்தானே.

எல்லாருக்கும் அவள் அக்காதான். பக்கத்துக் கடை டயர்க்காரர் அவளைவிட மூத்தவர், தலையில் ஒரு முடி கிடையாது. அவரே "அக்கா, டீ சொல்லட்டுமா?" என்பார். உரிமையோடு அப்படிக் கூப்பிட வேண்டியவன் ஒருத்தன் இருந்தான். அவன் மட்டும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

கூடப் பிறந்த தம்பி. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவன் வேலைக்கான பரீட்சை எழுத வெளியூர் போயிருந்தான். "அவன் எழுதி முடிக்கட்டும்டி, அப்புறம் சொல்லு" என்றாள் அம்மா. அக்காவும் சொல்லவில்லை. அம்மா பரீட்சை முடியும்வரை காத்திருக்கவில்லை. ஓடி வந்தவன் காலிக் கட்டிலைப் பார்த்தான். "அம்மாதான் சொன்னாங்கன்னா, உனக்கு எங்க போச்சு புத்தி? ஒரு போன் பண்ண மாட்டியா? இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றான். அம்மாவின் மீன் தொட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு போனான். இரண்டு முறை அவள் அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். தம்பி பெண்டாட்டி நல்லவள், உட்கார வைத்துக் காபி கொடுத்தாள். அவன் உள்ளறையை விட்டு வரவேயில்லை. போன் பண்ணியிருக்கலாமே என்று அவள் நினைக்காத நாள் இல்லை.

ஒரு நாள் காலையில், சாம்பல் நிறக் கார் ஒன்று பட்டறைக்கு எதிரே ரோட்டோரமாக வந்து நின்றது. இறங்கியவன் தம்பி. காதோரம் நரைத்திருந்தது. டயர்க்காரருக்குக் கதை தெரியும். காற்றடிக்கும் குழாயைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

"முன் சக்கரத்துல சத்தம் வருது" என்றான் அவன். சொன்னது காரைப் பார்த்து.

சாப்பிட்டியா, பிள்ளைங்க நல்லா இருக்காங்களா என்று கேட்க அவளுக்கு ஆயிரம் இருந்தது. பழக்க தோஷம், வாயில் வந்தது வேறு.

"வாயால போட்டுக் காட்டு."

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இப்படியே திரும்பிப் போய்விடப் போகிறானே என்று பதறினாள். அவன் காது சிவந்தது. ரோட்டை ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"கட... கடகட... கட" என்றான்.

டயர்க்காரர் சிரிக்கவில்லை. அந்த மனுஷனுக்கும் சமயம் தெரியும்.

அவன் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே காதை நீட்டிக்கொண்டாள். மெதுவாகப் போனால் கடகட. வேகம் எடுத்ததும் சத்தம் அடங்கிப்போனது. பேரிங் என்றால் வேகத்தில் கத்தும், அடங்காது. ஸ்டியரிங்கை ஒடித்தும் பிரேக்கை மிதித்தும் பார்க்கச் சொன்னாள். சத்தம் கொஞ்சமும் மாறவில்லை. அப்படியென்றால் சக்கரத்துக்கு நோய் இல்லை. சக்கரத்தை மூடியிருக்கும் வீல் கப்புக்குள் ஏதோ உருளுகிறது. வேகமாகச் சுற்றும்போது விளிம்போடு ஒட்டிக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறது. பட்டறைக்குத் திரும்புவதற்குள் அவளுக்கு இது விளங்கிவிட்டது. அவன் இறங்கி ரோட்டோரமாகவே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

அவள் குந்தி உட்கார்ந்து வீல் கப்பை நெம்பினாள். மூன்று கற்கள் விழுந்தன. நீலம், வழவழப்பு, வீல் கப்பின் ஓட்டை வழியாக வெளியே போக முடியாத பருமன். ரோட்டில் கிடக்கிற கல் இல்லை. அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிய மீன் தொட்டிக் கல்.

தானாக வந்து வீல் கப்புக்குள் ஏறிக்கொள்ள அதற்குக் காலா இருக்கிறது? தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள். கற்களைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள், சக்கரத்தின் மறைவில்.

இதை நீட்டி, என்னடா இது என்று கேட்டால் அவமானப்பட்டுப் போய்விடுவான், அப்புறம் வரமாட்டான். சத்தம் போயிடுச்சு என்று எடுத்துவிட்டாலோ, அடுத்த தடவை எதைச் சாக்கு வைத்து வருவான்? கற்களைத் திரும்ப உள்ளேயே போட்டாள். மேசையிலிருந்து பெரிய நட்டு ஒன்றை எடுத்து அவற்றோடு சேர்த்தாள். வீல் கப்பைத் தட்டி மூடினாள்.

"என்னன்னு பிடிபடல" என்றாள், ஊர் கேட்க. "அடுத்த வாரம் கொண்டு வா."

"அக்கா! நீங்களா இப்படிச் சொல்றீங்க?" என்றார் டயர்க்காரர்.

"நீங்க உங்க டயரைப் பாருங்க."

தம்பி "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். அவள் பட்டறையிலிருந்து முதன்முதலாக ஒரு வண்டி சத்தத்தோடு போனது.

அந்த வாரம் அவளுக்கு வேலை ஓடவில்லை. வீட்டில் கழற்றிப் பார்த்திருப்பானா? நட்டைப் பார்த்து, தன்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்துவிட்டால்? வந்த ஒருத்தனையும் தானே கெடுத்துக்கொண்டேனோ என்று பயந்தாள். டயர்க்காரர் அவளிடம் ஒன்றும் கேட்காமல் டீ மட்டும் வாங்கி வாங்கி வைத்தார்.

சொன்ன நாளில் சாம்பல் நிறக் கார் வந்து நின்றது, அதே ரோட்டோரம். அவன் இறங்கினான். அவள் கேட்கும் முன்பே அவனாகவே ஆரம்பித்தான்.

"கடகட... டிங். கடகட... டிங்."

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இந்த டிங் போன வாரம் இல்லக்கா" என்றான். குரல் உடைந்திருந்தது.

"நான் போன் பண்ணியிருக்கணும்டா" என்றாள் அவள்.

"தெரியும். நானும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

டயர்க்காரர் யாரையும் கேட்காமல் மூன்று டீக்குக் குரல் கொடுத்தார். தம்பி செருப்பை ரோட்டோரமாகக் கழற்றிவிட்டு, எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த வாசப்படியை மிதித்து உள்ளே வந்தான்.