விரிப்பின் மறுமுனை

விரிப்பை மடிக்கும்போது கடைசி மடிப்பில் நாத்தனார் வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுப்பாள். எதிர்முனையைப் பிடித்திருக்கும் தம்பி பெண்டாட்டி தள்ளாடி முன்னால் வருவாள். ஓட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் அந்தக் கூடத்தில் இருவரும் ஜோடி சேர்ந்த நாளிலிருந்து இதே கூத்துதான். தள்ளாடுகிறவள் வாய் திறக்கமாட்டாள். அதனால் ஊமைச்சி என்று பெயர். பெயர் வைத்தவளும் நாத்தனாரே.

மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் ஊமைச்சிக்கு உதிரம் பட்டது. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய், ஆரம்ப நிலைதான் என்றார் மருத்துவர். முதலில் உள்ளே குழாய் வைத்துக் கதிர்வீச்சு. கட்டி சுருங்கியதும் சில வாரம் விட்டுக் கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் வைத்தியம் என்று புருஷனையும் உட்காரவைத்துச் சொன்னார்.

கதிர்வீச்சு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியபோது அந்த இழுப்பு நின்றிருந்தது. நாத்தனார் விரிப்பின் நுனியை இரண்டு விரலால் பிடித்தாள், செத்தவள் துணியைத் தொடுவதுபோல. இழுத்தபோதுகூட ஊமைச்சிக்கு இவ்வளவு பற்றிக்கொண்டு வந்ததில்லை.

உதிரமும் நின்றது. நாத்தனாருக்கு அது போதுமாக இருந்தது. கறை போன துணியை மறுபடி வெளுப்புத் தொட்டியில் போட்டால் துணி இற்றுவிடும் என்பது கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்த பாடம். அதையே உடம்புக்கும் பொருத்திக்கொண்டு, விடுமுறை நாளில் வந்து தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ரத்தம்தான் நின்னுபோச்சேடா. நல்லா இருக்கிற உடம்பைக் கிழிச்சுக்கிட்டு வந்து படுத்தா யாரு ஆக்கிப்போடுறது? கர்ப்பப்பை இல்லாதவளை வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப்போறே?”

தம்பி தரையைப் பார்த்தான். அக்கா பேச்சை அவன் ஒருநாளும் தாண்டியதில்லை. ஆபரேஷன் கொஞ்சம் தள்ளிப்போகட்டுமே என்று முணுமுணுத்தான்.

ஊமைச்சி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

“ரத்தம் நின்னுச்சு. நோவு போயிடுச்சுன்னு டாக்டர் சொல்லலை. நான் போறேன். வர்றதுன்னா வாங்க, இல்லேன்னா உங்க அக்கா மடியிலேயே கிடங்க.”

“ஊமைச்சிக்கு வாய் வந்திருச்சே,” என்றாள் நாத்தனார்.

“உங்ககூட இருந்தா கல்லுக்கும் வந்துரும் அண்ணி.”

ஆபரேஷனுக்குப் புருஷனும் வந்தான், வழிநெடுக உம்மென்று. எடுத்த கர்ப்பப்பையை ஆய்வகத்தில் அறுத்துப் பார்த்ததில், கட்டி இருந்த இடத்தில் நோய் இன்னும் ஒரு துளி உயிரோடு மிச்சம் இருந்தது. வெட்டிய ஓரங்களில் எதுவும் இல்லை, அதனால் நோய் முழுசாக வெளியே வந்துவிட்டது என்றார் மருத்துவர். அறுத்தவர்கள் எதையாவது காட்டத்தானே செய்வார்கள் என்றாளாம் நாத்தனார். ஆஸ்பத்திரிப் பக்கம் அவள் எட்டிப் பார்க்கவில்லை.

பாரம் தூக்கக் கூடாத மாதங்கள் கழிந்து இருவரும் மறுபடி எதிரெதிரே நின்றார்கள். முதல் விரிப்பிலேயே நாத்தனார் வெடுக்கென்று இழுத்தாள். ஊமைச்சி காலை ஊன்றி, தானும் ஓர் இழுப்பு இழுத்தாள். தள்ளாடியது நாத்தனார்.

இன்றுவரை இருவருக்கும் பேச்சில்லை. மருத்துவர் சொன்ன நாளில் ஊமைச்சி பரிசோதனைக்குப் போய்வருகிறாள், நோய் திரும்பவில்லை. விரிப்புகளை இன்னும் அவர்கள் இருவரும்தான் மடிக்கிறார்கள்.