ஐந்தாம் காலின் முள்

மானகிரி ஊருணியில் பிடித்த கோபிபாட், கடுகைவிடச் சிறிய இறால் வகை உயிரி. ஆணின் ஐந்தாம் காலைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் இனம் தெரியும். பிரிக்கும்போது என் ஊசி பட்டுக் காலின் முள் பாதியில் ஒடிந்தது. இன்னொன்றைப் பார்த்துத் திருத்தலாம் என்று, ஒடிந்தபடியே வரைந்து வைத்தேன்.

ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரர், பத்து வருடமாக என் சோற்றில் பங்கு கேட்டுச் சாப்பிடுபவர், அதை எடுத்துக்கொண்டார். "அழகா வரைஞ்சிருக்கீக. பாத்துட்டுத் தாரேன்." படம் திரும்பி வரவில்லை. கேட்டபோதெல்லாம் "வீட்டுல இருக்கு" என்றார்.

போன மாதம் அவர் பெயரில் மட்டும் கட்டுரை வந்தது. புது இனமாம். படம் என்னுடையது. இனத்தின் தனி அடையாளம், ஐந்தாம் காலின் குட்டை முள்ளாம்.

பாராட்டுக் கூட்டத்தில் நானும் கைதட்டினேன். முள் எப்படிக் குட்டையானது என்று அவர் கேட்கவேயில்லை.