முப்பதடி பின்னால்

ப்துய் நகரத்தில் வீட்டைச் சூடேற்றும் கொதிகலன் நின்றுபோனால் லோய்ஸைத்தான் கூப்பிடுவார்கள். ஆறடிக்கு மேல் உயரம், வாசலை அடைக்கிற தோள். நிலவறைப் படிகளில் தலையைக் குனிந்துகொண்டுதான் இறங்குவார். வேலை முடிந்ததும் வீட்டுக்காரர்கள் தரும் காபியை நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். இளவயதில், குளிரை விரட்டும் திருவிழாவில், ஆட்டுத்தோல் போர்த்தி, இடுப்பில் மணி கட்டி, கொம்பு முகமூடியோடு அவர் தெருவில் குதித்தால் பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடும். மகள் பொலோனா மட்டும் ஓடமாட்டாள். முகமூடியின் வாய்க்குள் கையை விட்டு அப்பாவின் மூக்கைப் பிடித்து இழுப்பாள்.

அந்தப் பொலோனா வளர்ந்து மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். நவம்பரில் கடையில் கூட்டம் குறையும். அப்போது ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு ஏதாவது ஒரு சின்ன ஊருக்குத் தனியாகப் போய்வருவாள். அம்மா மர்யெத்தாவுக்கு அது பிடிக்காது. முணுமுணுத்துக்கொண்டே பையில் ரொட்டியும் ஆப்பிளும் அடைப்பாள். லோய்ஸ் கேலி செய்வார்.

"தனியாப் போயி யாரோடடி சண்டை போடுவே?"

"அந்த ஒரு வாரம் உங்களுக்கும் எனக்கும் ஓய்வு வேணாமாப்பா?"

இருபத்தாறு வயதில் அவள் தேர்ந்தெடுத்தது நாட்டின் எல்லைக்கு அப்பால் இருந்த ஒரு ஊர். ஒரு தேவாலயம், ஒரு ஆறு, மேலே ஒரு கோட்டை. கிட்டத்தட்ட ப்துய் மாதிரியே. லோய்ஸ் தன் வாடிக்கையாளர்கள் நாலைந்து பேரிடம் விசாரித்தார். அங்கே என்ன நடக்கப்போகிறது, ராத்திரி கதவைக்கூடப் பூட்டமாட்டார்கள் என்றார்கள். ரயிலடியில் பையை ஏற்றிவிடும்போது மர்யெத்தாவின் முகத்தைப் பார்த்து அவரும் அதையே சொன்னார். "சின்ன ஊர்தானே, மர்யெத்தா. பயப்படாதே."

அன்று மாலை ஐந்தரைக்குப் பொலோனா அந்த ஊரில் இறங்கினாள். நவம்பர் என்பதால் அதற்குள் இருட்டிவிட்டிருந்தது. தங்கும் விடுதிக்குப் பன்னிரண்டு நிமிட நடை. வழியில் இருந்த ரொட்டிக்கடைக்காரி ஒருத்தி மட்டும் பார்த்திருக்கிறாள். முதுகில் பையோடு ஒரு பெண் வேகவேகமாக நடந்தாள், இருபதடி பின்னால் ஒரு ஆள் வந்தான். பெண் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். இன்னும் வேகமாக நடந்தாள். பிறகு எதையும் பார்க்காமல் சாலையின் குறுக்கே ஓடினாள். வேன் ஓட்டிவந்தவர் பிரேக்கை மிதித்தும் வண்டி நிற்கவில்லை. பின்னால் வந்தவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். அப்புறம் போய்விட்டான்.

அவனைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. லோய்ஸும் மர்யெத்தாவும் உடலை வாங்கப் போனபோது, அந்த ஊர்ப் போலீஸ்காரர் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு ரொம்ப மெதுவாக ஒன்று சொன்னார். அந்த ஆள் ஒன்றும் நினைக்காமல் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவராகக்கூட இருக்கலாம். லோய்ஸ் எழுந்து வெளியே போய்விட்டார். அப்படியே இருந்து இன்னொரு வார்த்தை காதில் விழுந்திருந்தால் அந்தப் போலீஸ்காரரை அடித்திருப்பார்.

ஊருக்குத் திரும்பியதும் மர்யெத்தா மகளின் அறையைச் சாத்தினாள். பொலோனாவின் பெயர் அந்த வீட்டில் ஒலிக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, உப்பு, தண்ணீர், பரிமாறும் கரண்டி என்று வேண்டியதை மட்டும் கேட்டுக்கொண்டார்கள். லோய்ஸ் வேலையைவிட்டு ஓய்வு பெற்றார். ஓய்வு பெறாமலும் இருந்திருக்கலாம், ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அதை அவரால் தாங்க முடியவில்லை.

ஒரு வருஷம் கழித்து, டிசம்பர் மாதம், தெரிந்தவர் ஒருவரை வண்டியேற்றிவிட ரயிலடிக்குப் போனார். ஐந்து இருபதுக்கு வந்த வண்டியிலிருந்து ஒரு பெண் தனியாக இறங்கினாள். வெளியூர்க்காரி. போனைப் பார்த்தாள். தண்டவாளத்துக்கு அடியில் போகும் இருட்டு நடைபாதையைப் பார்த்தாள். கோட்டின் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டு நடந்தாள். லோய்ஸின் கால்கள் தாமாகவே அவள் பின்னால் போயின. பேச்சுக் கொடுத்தால் பயந்துவிடுவாள் என்று முப்பதடி தள்ளியே நடந்தார். பழைய நகரத்தில் விடுதிக் கதவு திறந்து அவளை உள்ளே வாங்கி மூடியதும் சுவரில் சாய்ந்துகொண்டார். அன்றைக்கு விடியும்வரை தூங்கினார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அப்படித் தூங்கியது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு தினமும் போனார். முழங்கால் வலிக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று மர்யெத்தாவிடம் சொல்லிவைத்தார். தனியாக யாரும் இறங்காத நாட்களில் நிம்மதியோடு திரும்புவார். இறங்கினால், கதவு மூடும் சத்தம் கேட்கும்வரை போவார். அந்தப் பெண்களில் சிலர் வழக்கத்தைவிட வேகமாக நடப்பதை அவர் கவனிக்காமல் இல்லை. குளிருக்காக நடக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டார்.

பிப்ரவரியில் திருவிழாவுக்காக ஊர் நிறைந்திருந்த வாரம், போர்த்துகலிலிருந்து ஒரு பெண் வந்தாள். நடைபாதையைத் தாண்டியதும் வேகம் பிடித்தாள். முன்னால் எதையோ கண்டு பயப்படுகிறாள் என்று நினைத்தார் லோய்ஸ். பக்கத்தில் ஒருவர் இருந்தால் நல்லது என்று தானும் எட்டி நடைபோட்டார். அவள் திரும்பினாள். விரல்களுக்கு நடுவே, குத்துவதற்குத் தயாராக, சாவி துருத்திக்கொண்டிருந்தது. தெருவிளக்கில் அவள் முகம் தெரிந்தது. அவள் முன்னால் யாரும் இல்லை. அவள் பார்த்தது அவரைத்தான்.

அவர் கையை உயர்த்தி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் சாலையில் இறங்கி ஓடினாள். ஒரு கார் கிறீச்சிட்டு, சறுக்கி, அவளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அவள் தடுக்கி விழுந்தாள். உயிருக்கு ஒன்றுமில்லை, முழங்கால்தான் சிராய்த்தது. லோய்ஸ் தூக்கிவிட ஓரடி எடுத்துவைத்ததும் அலறினாள். அவர் நின்றுவிட்டார். கார்க்காரர் இறங்கி அவளை எழுப்பினார். லோய்ஸ் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் திரும்பி நடந்தார்.

ஆற்றுப் பாலத்துக்கு வந்தபோதுதான் தான் என்ன செய்தோம் என்பது அவருக்கு உறைத்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை தானே போலீஸ் நிலையத்துக்குப் போனார். அங்கே இருந்தவள் நீவெஸ். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர்கள் வீட்டுக் கொதிகலனை லோய்ஸ்தான் மாட்டினார். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"ஏற்கெனவே நாலு பேர் சொல்லியிருக்காங்க, மாமா. பெரிய ஆளு, கம்பளிக் கோட்டு, பின்னாடியே வர்றான்னு. நீங்களா இருக்கும்னு எங்க யாருக்கும் தோணவே இல்ல."

"நான் ஒண்ணும் செய்யலம்மா. பத்திரமாப் போய்ச் சேரணும்னுதான்."

"எனக்குத் தெரியுது. அவங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்களுக்குக் கேட்டது பின்னாடி வர்ற காலடிச் சத்தம் மட்டுந்தானே."

லோய்ஸ் தன் கைகளைப் பார்த்தார். அப்புறம் கேட்டார்.

"அப்போ அவனும் என்னை மாதிரிதான் போய்க்கிட்டு இருந்தானா?"

யாரைப் பற்றிக் கேட்கிறார் என்று நீவெஸுக்குத் தெரிந்தது. "தெரியாது, மாமா," என்றாள். ஒன்றேகால் வருஷமாக வெறுப்பதற்கென்று அவரிடம் ஒருவன் இருந்தான். அன்றைக்கு அவனும் இல்லாமல்போனான். அந்த மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அவர் அழுததை அடுத்த அறையில் இருந்தவர்களும் கேட்டார்கள்.

போர்த்துகல் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். அவள் மீதி மூன்று நாளையும் விட்டுவிட்டு முதல் வண்டியிலேயே கிளம்பிவிட்டாள் என்றாள் நீவெஸ். நாலு வரி எழுதிக் கொடுத்தார். நீவெஸ் அனுப்பிவைத்தாள். பதில் வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை.

வீட்டில் மர்யெத்தா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்லி முடிக்கும்வரை கத்தியைக் கீழே வைக்கவில்லை. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார்.

"ரெண்டு மாசமாத் தெனமும் நம்ம பொண்ணக் கூட்டிட்டு வரப் போயிருக்கே," என்றாள். "என்னைக் கூப்பிடணும்னு உனக்குத் தோணலையா, லோய்ஸ்?"

அடுத்த நாள் மாலை அவளே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பொம்பளையைப் பார்த்து யாரும் பயப்படமாட்டார்கள், நான் போகிறேன் என்றாள். லோய்ஸ் தடுக்கவில்லை. ஏழு மணி ஆகியும் அவள் வரவில்லை. தேடிப் போகவும் அவருக்குத் தைரியம் இல்லை, அந்த வழியில் இனிக் கால்வைப்பதில்லை என்று நீவெஸுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். எட்டு மணிக்குக் கதவு திறந்தது. கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். விரலெல்லாம் நீலம் பாரித்திருந்தது.

"ரெண்டு பொண்ணுங்க தனியா எறங்கினாங்க," என்றாள். "நான் அவங்க பின்னாடி போகல. எல்லாரும் எறங்கினப்புறமும் வண்டிக் கதவையே பார்த்துட்டு நின்னேன். வண்டி போயிருச்சு. அப்பவும் நின்னேன்."

லோய்ஸ் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து அவள் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தார். பொலோனா என்று அவர் சொன்னாரா, அவள் சொன்னாளா என்று பிற்பாடு இருவருக்கும் நினைவில்லை. அன்றைக்கு அந்தப் பெயர் அந்தச் சமையலறையில் பலமுறை ஒலித்தது.

மர்யெத்தாவும் அப்புறம் ரயிலடிக்குப் போகவில்லை. அந்த நடைபாதைக்கு விளக்கு வேண்டும் என்று லோய்ஸ் நகராட்சிக்கு மனு எழுதினார். காரணம் என்ற இடத்தில் எதையெதையோ எழுதி அடித்துவிட்டு, கடைசியில் 'இருட்டாக இருக்கிறது' என்று மட்டும் எழுதினார். பதினோரு மாதம் கழித்து விளக்குகள் வந்தன. அவர் போய்ப் பார்க்கவில்லை. சந்தையில் பூசணிவிதை எண்ணெய் வாங்க நின்றபோது நீவெஸ்தான் வந்து சொன்னாள். வெளிச்சம் கடைசிவரை எட்டுகிறதா என்று கேட்டார். எட்டுகிறது என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு, எண்ணெய்ப் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வழியில் முன்னால் ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். பட்டப்பகல்தான். ஆனாலும் அவள் தெருமுனை திரும்பும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார்.