நேரியோவின் சோதனை முத்தம்

எங்கள் ஊரான மரக்காய்போவில் மதிய வெயில் ஏறினால் சதுக்கத்துச் சிலைகள்கூட இறங்கி நிழலுக்குப் போய்விட்டு, சாயங்காலம் திரும்பி வந்து பீடத்தில் ஏறிக்கொள்ளும். நானே பார்த்திருக்கிறேன். அந்த வெயிலிலும் ஓரிடத்தில் ஒதுங்கி உட்காராத மனிதர் ஒருவர் உண்டென்றால் அவர் எங்கள் கட்டிடத்து நேரியோ.

ஷேர் கார் ஓட்டுகிறவர். கார் என்றால் பழைய அமெரிக்கக் கார். முன் சீட்டில் மழை பெய்யும்போது பின் சீட்டில் வெயில் அடிக்கும், அவ்வளவு நீளம். காரைப் பூட்டுவார், பத்தடி நடப்பார், திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்ப்பார். படியேறி வீட்டுக்குப் போவார், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் காரைப் பார்ப்பார். அடுப்பை அணைத்தோமா என்று நடுவழியில் பயணிகளோடு வீட்டுக்குத் திரும்பிய கதை ஒன்றுண்டு. பயணிகளில் ஒரு பெண் அன்று கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தவள். விருந்தாளி இல்லை, மணப்பெண்.

காலை உணவைக்கூட நின்றபடிதான் சாப்பிடுவார். ஒரு கையில் காப்பி, மறுகை விரலில் மோதிரம் போல மாட்டிய மந்தோக்கா. நேந்திரம்பழமும் பாலாடைக்கட்டியும் பிசைந்து பொரித்த அந்த வளையத்தைக் கடிப்பதற்கு முன்னால் அதையும் ஒருமுறை திருப்பிப் பார்ப்பார்.

இவருடைய மனைவி யோலெய்தா ஆறு வருஷத்துக்கு முன் இவரை விட்டுவிட்டுச் சிலி நாட்டுக்குப் போனபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. "உக்காராத மனுஷன் பக்கத்துல நான் எங்க உக்கார்றது?" என்று என்னிடம் கேட்டாள்.

ஆனால் பணத்தைப் பார்த்துக்கொள்ள இப்படிப்பட்ட ஆளைவிட யார் வேண்டும்? கட்டிடத்தின் பொதுப்பணம் நேரியோவின் போனில்தான் இருந்தது, கிரிப்டோ டாலராக. எங்கள் நாட்டுப் பணமான பொலிவார் நோட்டைக் கையில் வைத்திருந்தால் வெயிலில் பிடித்த ஐஸ் மாதிரி முழங்கை வழியாக வழிந்துவிடும். அதனால் மீன்காரன் முதல் பல் டாக்டர் வரை எல்லோரும் போனில் டாலர் வைத்திருக்கிறார்கள். இந்தப் பணத்துக்கு வங்கி கிடையாது, மேனேஜர் கிடையாது, கண்ணாடிக்குப் பின்னால் கொட்டாவி விடும் பெண்ணும் கிடையாது. ஒரு நீளமான முகவரி, அவ்வளவுதான். அனுப்பினால் போனது போனதுதான். வாங்கிக்கொண்டவர் மனம் வைத்தால்தான் திரும்பி வரும்.

போன அக்டோபரில் எங்கள் தண்ணீர் பம்ப் எரிந்துபோனது. மின்சாரம் போய்ப் போய் வந்ததில் ஒருநாள் புகை கக்கிவிட்டு அடங்கியது. கீழே நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் இருந்தது. மேலே குழாய்களில் பல்லிக்கு நாக்கு நனைக்கக்கூடச் சொட்டு இல்லை. எல்லோரும் வாளி சுமந்தோம். நான்காம் மாடி இர்சியாவுக்கு முழங்கால் பழுது. இரண்டு படி ஏறுவாள், வாளியை வைப்பாள், அரசாங்கத்தைத் திட்டுவாள், மறுபடி இரண்டு படி. அவள் வாளி மாடிக்குப் போய்ச் சேரும்போது பாதித் தண்ணீர் ஆவியாகியிருக்கும்.

எல்லைக்கு அப்பால் மைக்காவோவில் யமீல் என்ற வியாபாரியிடம் பம்ப் இருந்தது. சனிக்கிழமை மதியம் அவருடைய லாரி எங்கள் ஊருக்குக் கிளம்புகிறது, அதற்குள் பணம் வந்தால் பம்ப் ஏறும், இல்லையென்றால் வேறொருவருக்குப் போகும் என்றார். வீட்டுக்கு வீடு பங்கு போட்டோம். இர்சியா தன் தையல் மிஷினை விற்றுப் போட்டாள். அது எல்லோருக்கும் தெரியும், நேரியோவுக்கு மிக நன்றாகத் தெரியும். மிஷினைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்தவரே அவர்தான்.

சனிக்கிழமை காலை முற்றத்தில் கூடினோம். நேரியோ நடந்துகொண்டே முகவரியைச் சரிபார்த்தார். பிறகு தன் வழக்கப்படி முதலில் சோதனைக்காக ஒரே ஒரு டாலர் அனுப்பினார்.

"யோவ் பொருளாளரே," என்றான் எந்தெர். தரைத்தளத்தில் பன்றிக்கறி சாண்ட்விச் கடை வைத்திருப்பவன், நாக்கில் எப்போதும் மிளகாய். "சோதனைக்கு ஒண்ணு, அந்தச் சோதனைக்குச் சோதனையா அரை டாலரா? லாரி கெளம்பிடப் போவுது மச்சான்!"

"வந்துச்சான்னு யமீல் சொல்லட்டும்."

"வந்தது" என்று யமீல் சொன்னார். எல்லோரும் கைதட்டினோம். அந்தக் கைதட்டலில் பயந்ததுபோல மின்சாரம் போனது. அதோடு இணையமும் போனது. நேரியோ போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றம் முழுவதும் அலைந்தார், மாடிப்படி ஏறினார், இறங்கினார், தெருவுக்குப் போனார், திரும்பினார். போனில் சார்ஜ் வேறு சிவப்புக்கு வந்துவிட்டது. ஒருவழியாகச் சிக்னல் வந்தபோது செயலியை மறுபடி திறந்தார். எந்தெர் கத்தினான், இர்சியா கத்தினாள், எல்லோரும் கத்தினோம். வாழ்நாளில் முதன்முறையாக நேரியோ இரண்டாம் தடவை பார்க்காமல் விரலை அழுத்தினார்.

யமீலிடமிருந்து தகவல் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "என்ன ஆயிற்று, அனுப்பவில்லையா?" என்று கேட்டார்.

நேரியோ போனைப் பார்த்தார். அவர் சுவர்வரை நடந்தார், சுவரைத் தொட்டார், திரும்பி வந்தார், மறுபடி சுவருக்குப் போனார்.

"சொல்லித் தொலைய்யா," என்றாள் இர்சியா.

"வேற எடத்துக்குப் போயிடுச்சு."

"எங்க?"

எந்தெர் போனைப் பிடுங்கிப் பார்த்தான். சேமித்து வைத்த முகவரிகளில் முதலாவதாக இருந்ததற்குப் போயிருந்தது. அதன் பெயர், 'என் ராணி.'

ஒரு காலத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வண்டி ஓட்டிய பணத்தில் கொஞ்சம் யோலெய்தாவின் சேமிப்புக்கு அனுப்புவார். அவள் போய் ஆறு வருஷமாகியும் அந்தப் பெயர் பட்டியலின் தலையில் அப்படியே இருந்தது. தலை மறந்தாலும் கட்டைவிரல் மறக்கவில்லை.

வேறு நாளாக இருந்தால் எந்தெர் அதை வைத்து ஒரு வருஷம் பிழைத்திருப்பான். அன்று போனை நேரியோவின் கையிலேயே திரும்பத் திணித்தான். இர்சியா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். "என் மிஷினு," என்று மட்டும் சொன்னாள்.

"நான் காரை வித்துடறேன்," என்றார் நேரியோ. நடந்துகொண்டேதான் சொன்னார். "திங்கக்கெழம வித்துடறேன்."

"லாரி இன்னிக்குப் போவுது. அதுவுமில்லாம அந்தத் தகரத்த எவன் வாங்குவான்? மியூசியத்துக்காரனே காசு கேப்பான்," என்றாள் இர்சியா. பிறகு, "யோலெய்தாவுக்குப் போன் போடு," என்றாள்.

"நான் பேச மாட்டேன்."

"நீ பேச வேணாம். நான் பேசறேன். நீ நடந்துக்கிட்டே இரு, அதுதான் உனக்கு வரும்."

சிலியின் சாந்தியாகோவில் யோலெய்தா ஒரு ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிறாள். இர்சியாவின் போன் ஸ்பீக்கரில் அவள் குரல் வந்ததும் நேரியோ முற்றத்தின் மறுகோடிக்குப் போய், நன்றாக இருந்த ஒரு குழாயைத் திருகி மூடினார். இர்சியா விஷயத்தைச் சொன்னாள்.

"அவருக்கா? தப்பாப் போச்சா?" என்றாள் யோலெய்தா. "நேரியோவுக்கு? அடி, நீ வேற யாரையோ சொல்றே."

"அவனேதான். திருப்பி அனுப்புடி, புண்ணியமாப் போவும்."

"எப்படி அனுப்புவேன்? அந்தப் போனு வர்ற வழியில பஸ்லயே களவு போச்சே. உள்ள காசு எதுவும் இல்ல, நானும் விட்டுட்டேன்."

எங்கள் எல்லோருக்கும் தெரியும், போன் போனாலும் பன்னிரண்டு சொற்கள் இருந்தால் போதும். கணக்குத் தொடங்கும்போது செயலி கொடுக்கும் சம்பந்தமில்லாத பன்னிரண்டு சொற்கள். வரிசை மாறாமல் எந்தப் போனில் தட்டினாலும் அந்தப் பணப்பெட்டி திறக்கும்.

"எழுதி வெச்சிருப்பியே?"

"எழுதறதா? அந்த வீட்டுலயா? ஒரு காகிதத்த எங்கயாச்சும் வெச்சா, அது பத்திரமா இருக்கான்னு மூணு வேளையும் எடுத்துப் பாத்து, நாலாம் நாள் கிழிச்சிருப்பாரு." அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ஐயோ. இருங்க. பாட்டு!"

"என்ன பாட்டு?"

"அந்த கைத்தா! நான் கட்டுன கைத்தா! ஒவ்வொரு வரியும் ஒரு சொல்லுல ஆரம்பிக்கும், பன்னெண்டு வரி. எனக்குக் கணக்கு தலையில நிக்காது, பாட்டு நிக்கும்னு அப்படிக் கட்டினேன். இப்ப மறந்து போச்சு. இங்க குளிர்ல பாட்டெல்லாம் உறைஞ்சு போச்சுடி. ஆனா நீங்கதான் வருஷா வருஷம் பாடறீங்களே!"

முற்றத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பெரும் முயற்சி நடந்தது.

அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கைத்தா எங்கள் ஊரின் டிசம்பர் பாட்டு. அதில் மாதாவையும் புகழலாம், மந்திரியையும் கிழிக்கலாம். யோலெய்தா கிளம்புவதற்கு முந்தைய டிசம்பரில், இந்த முற்றத்தில், தன் புருஷனைக் கிழித்து ஒன்று கட்டிப் பாடினாள். நேரியோ அப்போது வண்டி ஓட்டப் போயிருந்தார் என்பது எங்கள் எண்ணம். அன்றிலிருந்து அவருடைய கார் சத்தம் தேய்ந்ததும் கட்டிடமே அதை முணுமுணுக்கும். அவர் படியேறும் சத்தம் கேட்டால் மாதா பாட்டுக்கு மாறிவிடும். ஆறு வருஷமாக ஒரு பெட்டகத்தின் சாவியைப் பாடிக்கொண்டிருந்தோம், அது சாவியென்று தெரியாமல்.

இப்போது அதை அவர் முன்னாலேயே பாட வேண்டும்.

"எந்தெர், ஆரம்பி," என்றாள் இர்சியா.

"நானா? நீங்க பாடுங்களேன்."

"ஒன் கடையிலதான்டா தெனமும் ஓடுது!"

எந்தெர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, இழவு வீட்டில் பாடுகிறவன் போல ஆரம்பித்தான்.

"கழுதகூடப் படுத்துத் தூங்கும், என் வீட்டுக்காரன் தூங்கமாட்டான்..."

"கழுதை," என்று நான் போனில் தட்டினேன். என் போன்தான்; இர்சியாவின் போனில் யோலெய்தா இருந்தாள், நேரியோவுடையதில் சார்ஜ் இல்லை.

"சோப்பு தேஞ்சு காத்தாப் போனாலும் கைகழுவி முடிக்கமாட்டான்..." இது இர்சியா.

"சாவி போட்டுப் பூட்டின கதவு, அவனைக் கண்டா அழுவுது..."

ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். வெட்கம் இரண்டு வரிதான் தாங்கியது. அதற்குமேல் பாட்டு தன் வேலையைக் காட்டியது. யாரோ வாளியில் தாளம் போட்டார்கள். ஜன்னல், ஆடு, தொப்பி என்று சொற்கள் ஏறிக்கொண்டே போயின. நேரியோ முற்றத்தை நீளவாக்கில் அளந்துகொண்டிருந்தார். அவர் காலடியும் தாளத்தில் விழுவதை நான் கவனித்தேன். பதினோராவது வரி வந்தது. அதுதான் பாட்டின் உச்சம்.

"முத்தம் கொடுக்கும் முன்னாலேயும் சோதனைக்கு ஒரு சின்ன முத்தம் அனுப்பிப் பார்ப்பானே!"

போன் வழியாக யோலெய்தாவும் சிரித்தாள். "முத்தம்," என்று தட்டினேன். நிமிர்ந்து பார்த்தேன். சிரிப்பு மெல்ல அடங்கியது. பன்னிரண்டாவது வரிக்காக எல்லோரும் எந்தெரைப் பார்த்தார்கள். அவன் இர்சியாவைப் பார்த்தான்.

"பதினொண்ணோட முடிஞ்சிடுமே," என்றான்.

"முடியாது. இன்னும் ஒண்ணு வேணும்."

"அன்னிக்கு அதுக்கு மேல யார் கேட்டா? வயித்தப் புடிச்சிக்கிட்டு உருண்டோமே!"

"யோலெய்தா?"

"தெரியலயே," என்றது போன். "கடவுளே, எனக்கே தெரியலயே. ஏதோ ஊர்ப் பக்கத்துச் சொல்லு..."

யமீலிடமிருந்து மறுபடி செய்தி. லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். இர்சியா சிலுவை போட்டுக்கொண்டாள். எந்தெர் தன் தலையிலேயே அடித்துக்கொண்டான். கதவு, காற்று, கடல் என்று ஆளாளுக்கு ஒன்றைக் கத்தினார்கள். நான் ஒவ்வொன்றாகத் தட்ட, பெட்டி ஒவ்வொன்றையும் துப்பியது.

"பாலம்."

சுவரோரத்திலிருந்து வந்தது குரல். நேரியோ எங்களைப் பார்க்கவில்லை. எங்கள் பாட்டுகளில் ஏரிக்குமேல் போகும் பாலத்தைத் தாண்டுவது என்றால் ஊரைவிட்டுப் போவது. பாடும் குரல் இல்லை அவருக்கு. வழி சொல்கிற மாதிரி சொன்னார்.

"பாலம் தாண்டி நான் போவேன் தை பொறக்கையிலே, கதவ நீயே பூட்டிக்கோ."

வாளித் தாளம் எப்போதோ நின்றிருந்தது.

"நீ... வண்டியில இல்ல போயிருந்தே?" என்றான் எந்தெர்.

"மொட்டைமாடித் தொட்டியில வால்வு மூடியிருக்கான்னு பாக்கப் போனேன். அங்கேருந்து நல்லாக் கேக்கும்."

அப்படியென்றால் ஆறு வருஷமாக எல்லாம் தெரியும். நாங்கள் மாதா பாட்டுக்கு மாறுவதும் தெரியும். ஜனவரியில் அவள் கிளம்பிய அன்று, ஒன்றும் அறியாதவர்போல அவளைப் பேருந்து நிலையத்துக்குத் தன் காரில் ஏற்றிப் போனார். பேருந்தின் டயர்களை ஒவ்வொன்றாகக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். பயந்துபோய் என்ன செய்கிறோமென்று தெரியாமல் தட்டினார் என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டோம்.

நான் "பாலம்" என்று தட்டினேன். பெட்டி திறந்தது. பணம் முழுதும் உள்ளே இருந்தது.

இர்சியா அழுதாள். போனை நேரியோவிடம் நீட்டினேன். யாரும் கத்தவில்லை. எந்தெர் மட்டும் மெதுவாக, "மச்சான், மொதல்ல ஒரு டாலர் அனுப்பிப் பாரு. வேணும்னா ரெண்டு தடவ," என்றான். நேரியோ முகவரியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாய்விட்டுப் படித்தார். சோதனைக்கு ஒன்று அனுப்பினார். யமீல் "வந்தது" என்றார். பிறகு மீதி முழுவதையும் அனுப்பினார். லாரிக்காரன் எஞ்சினைப் போடுவதற்குள் "வந்தது, பம்ப் ஏறிவிட்டது" என்று பதில் வந்தது.

முற்றத்தில் கிளம்பிய கூச்சலில் தெரு நாய்கள் ஏரியில் குதித்தன என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை.

அந்தக் கூச்சலுக்குள் இர்சியாவின் மடியில் கிடந்த போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. நேரியோ குனிந்து அதை எடுத்தார். ஆறு வருஷத்தில் முதல் பேச்சு.

"போயிடுச்சா?" என்றாள் யோலெய்தா.

"போயிடுச்சு."

"யமீலுக்குத்தானே?"

"யமீலுக்குத்தான்."

சாந்தியாகோவில் யாரோ ரொட்டி கேட்பது போனில் கேட்டது.

"எதுக்கும் இன்னொரு தடவ பாத்துடு," என்றாள்.

நேரியோ இர்சியாவுக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு வாளியைக் கவிழ்த்தார். அது ஆடுகிறதா என்று கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு அதன்மேல் உட்கார்ந்து பார்த்தார்.